கொல்வதா, விரட்டுவதா, விட்டுவைப்பதா? வீட்டுச் சிற்றுயிர்கள் குறித்த விடைகள்: ஒரு மீள்பார்வை

கூரை மூலையில் வலை கட்டியிருக்கும் சிலந்தியை என்ன செய்வது? சிங்க் அடியில் ஓடும் கரப்பானையும், பரணில் உருட்டும் எலியையும், கட்டில் மூட்டில் ஒளியும் மூட்டைப்பூச்சியையும் ஒரே மருந்தால் தீர்த்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. அர்த்தசாஸ்திரம் எலித் தொல்லையைத் தீ, வெள்ளம், கொள்ளைநோய், பஞ்சம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேரிடர்களில் ஒன்றாகக் கணக்கிடுகிறது. பூனைகளையும் கீரிகளையும் அவிழ்த்துவிடுமாறு சொல்கிறது. இன்றைய நகரவாசி தொலைபேசியில் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைக்கிறார். கேள்வி ஒன்றேதான். விடைகள்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன.

இந்த விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, வாசனையாலும் புகையாலும் விரட்டுவது. இரண்டாவது, நஞ்சால் ஒழிப்பது. மூன்றாவது, உயிரை விட்டுவிட்டு வீட்டைத் திருத்துவது. நான்காவது, தீங்கற்றதை அதன் பாட்டில் இருக்கவிடுவது. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உயிரினத்தைப் பொறுத்தவரை சரியான விடையாக இருந்திருக்கிறது. ஒன்றுக்குப் பொருந்திய விடையை எல்லாவற்றுக்கும் நீட்டியபோதுதான் பெரும்பாலான சேதம் நேர்ந்தது என்பதே இவற்றைச் சேர்த்து வாசிக்கையில் கிடைக்கும் முடிவு.

வீட்டுக்குள் இருப்பவை எவை?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 50 வீடுகளைப் பூச்சியியலாளர்கள் அறை அறையாகச் சோதித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வீட்டில் சராசரியாக நூறு வகை அளவுக்குப் பூச்சிகளும் சிலந்திகளும் அவற்றின் உறவினங்களும் இருந்தன. சிலந்தி இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. அதே சமயம், கண்டெடுத்தவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் தொல்லை தராதவை. வழிதவறி உள்ளே வந்தவையும் அவற்றில் உண்டு. கதவு சன்னல் சாத்திய வீடுகளிலேயே இந்த நிலை. ஆண்டு முழுவதும் காற்றுக்குத் திறந்திருக்கும் வெப்பநாட்டு வீடுகளில் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது உதவும். கொசு, எலி, ஈ, கரப்பான் போன்றவை நோயோடு தொடர்புடையவை. கரையான், ராமபாணப் பூச்சி, அரிசி வண்டு போன்றவை பொருளைக் கெடுப்பவை. சிலந்தி, பல்லி, மரவட்டை போன்றவை பெரும்பாலும் அருவருப்பையோ அச்சத்தையோ தருவதோடு நின்றுவிடுபவை. வீட்டில் இந்த மூன்றுக்கும் ஒரே கோபம், ஒரே ஸ்பிரே என்பதுதான் வழக்கம். கொசுவின் தீங்கும் சிலந்தியின் தீங்கும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்பதை மனத்தில் வைத்துத்தான் விடைகளை எடைபோட வேண்டும்.

முதல் விடை: விரட்டுவது

பழைய வீட்டு நடைமுறைகளில் கொல்வதைவிட விலக்குவதே முதன்மையாக இருந்தது. குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லோடு வேப்பிலை போட்டு வைத்தார்கள். பருப்புப் பானையில் வசம்பு கிடந்தது. மாலையில் நொச்சித்தழைப் புகை எழுந்தது. ஓலைச்சுவடிகளுக்குத் தைலப்புல் எண்ணெய் தடவும் வழக்கம் சுவடி நூலகங்களில் இன்றும் தொடர்கிறது. பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்து, பரணை இறக்கி, வெள்ளையடிப்பது ஆண்டுக்கு ஒருமுறை நடந்த முழுமையான வீட்டுச் சோதனை. எலியும் கரப்பானும் மாதக்கணக்கில் கலையாமல் இருந்த மூலைகளை அது கலைத்துவிட்டது.

இவற்றில் சிலவற்றுக்கு வலுவான அடிப்படை உண்டு. மூட்டைப்பூச்சி பிடித்த கட்டிலை வெயிலில் போட்டு, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுவார்கள். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் 50 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தையும் அதற்குச் சற்று மேலான வெப்பத்தையும் தாங்குவதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இன்று மேலைநாடுகளில் அறை முழுவதையும் சூடேற்றி மூட்டைப்பூச்சியை ஒழிக்கும் தொழில்முறையும் இதே கோட்பாட்டில்தான் நிற்கிறது. வேம்பிலிருந்து பெறப்படும் அசாடிராக்டின் பூச்சிகளின் உணவு நாட்டத்தையும் வளர்ச்சியையும் குலைப்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி.

ஆனால் இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் தெளிவானது. வாசனையும் புகையும் நீடிப்பதில்லை; எண்ணெய் ஆவியானதும் பூச்சி திரும்பிவிடும். எல்லா வாசனையும் எல்லாவற்றிடமும் செல்லுபடியாவதும் இல்லை. சிலந்தியை விரட்டும் என்று பரவலாக நம்பப்படும் பொருள்களை 2018இல் ஓர் ஆய்வு சோதித்தது. எலுமிச்சை எண்ணெய்க்குப் பயன் தெரியவில்லை. புதினா வகை எண்ணெயும் ஐரோப்பியச் செஸ்ட்நட் கொட்டையும், சோதித்த மூன்று சிலந்தி இனங்களில் இரண்டை மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் விலக்கின. மின்பிளக்கில் செருகும் மீயொலிக் கருவிகளின் நிலை இன்னும் மோசம். கொசுவை ஒலியால் விரட்டுவதாகச் சொல்லும் மின்கருவிகள் பற்றி, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு, கடியைத் தடுப்பதில் அவற்றுக்குப் பயன் உண்டு என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று முடித்தது. பல்லியை விரட்ட முட்டை ஓடு வைப்பது போன்றவை பழக்கத்தால் நிலைத்திருக்கின்றனவே தவிரச் சோதனையால் அல்ல.

இரண்டாம் விடை: ஒழிப்பது

விரட்டினால் போதும் என்ற மனநிலையை மாற்றியது நோய் பற்றிய அறிவு. அந்த மாற்றத்தின் முக்கியமான இரு நிகழ்வுகள் இந்தியத் துணைக்கண்டத்தில் நடந்தன. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1898இல் பால் லூயி சிமோன், பிளேக் நோயை எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி பரப்புகிறது என்பதைக் கராச்சியில் செய்த சோதனை மூலம் காட்டினார். அதுவரை தொல்லையாக மட்டும் இருந்த உயிர்கள் அதன்பின் குற்றவாளிகளாயின.

ஒழிப்புக்கு வேண்டிய கருவி 1939இல் வந்தது. டிடிடியின் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்ட பால் முல்லர் 1948இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியா 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளித்தது. விடுதலைக் காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடி என்று மதிப்பிடப்பட்ட மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 1965 வாக்கில் ஏறத்தாழ 1 லட்சமாகச் சரிந்தது. பொதுநல வரலாற்றில் இது பெரிய சாதனை. நஞ்சை முற்றாக மறுக்கும் எவரும் இந்த எண்ணை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஆனால் 1976இல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். நிதி, நிர்வாகம், நகரப் பெருக்கம் எனக் காரணங்கள் பல. கொசுக்கள் டிடிடியைத் தாங்கப் பழகியதும் அவற்றுள் ஒன்று. மூட்டைப்பூச்சியின் கதை இதைவிட விரைவானது. 1947இலேயே ஹவாயில் படைவீரர் குடியிருப்புகளில் டிடிடிக்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. இன்றைய வீட்டு ஸ்பிரேக்களில் உள்ள பைரித்ராய்டு மருந்துகளும் டிடிடியும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தையே தாக்குகின்றன. ஒன்றைத் தாங்கப் பழகிய இனம் மற்றதையும் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. 1990களின் இறுதியிலிருந்து உலக நகரங்களில் மூட்டைப்பூச்சி திரும்பி வந்ததற்கு இது முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

கடைச்சரக்காக வந்த நஞ்சு

அரசுத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் அளந்து தெளித்த மருந்து, மளிகைக் கடைத் தட்டுக்கு வந்தபோது சிக்கல் வேறு உருவம் எடுத்தது. கொசுவத்தி, ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ், அந்துருண்டை, எலி பேஸ்ட் ஆகியவற்றை வீட்டார் தாங்களே பயன்படுத்துகிறார்கள். அளவு, காற்றோட்டம், குழந்தைகளின் எட்டும் தூரம் எதையும் கண்காணிப்பவர் இல்லை.

சுருள் கொசுவத்தி 1900ஐ ஒட்டி ஜப்பானில் உருவானது. செவ்வந்தி இனத்துப் பூவிலிருந்து பெற்ற பைரித்ரம்தான் அதன் மருந்து. மருந்தைவிட அதைச் சுமக்கும் மரத்தூள் எரிவதே பெரிய கேடு என்பது பின்னர் தெரிந்தது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு கொசுவத்தி வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. சன்னலைச் சாத்தி, தொட்டிலருகே கொசுவத்தி ஏற்றும் வழக்கத்தை இந்த எண்ணோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி நொதிக்குறை உள்ள பிள்ளைகளிடம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. அந்தக் குறை இருப்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில்லை.

அறை முழுக்க மருந்தைப் பனிபோலப் பரப்பும் புகைக்குப்பிகளை 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு அடுக்ககக் குடியிருப்புகளில் சோதித்தது. கரப்பான் எண்ணிக்கை குறையவில்லை. மருந்து ஒளிவிடங்களுக்குள் போகாமல் சமையல் மேடையிலும் தரையிலும் படிந்திருந்தது. அதே கட்டடங்களில் ஜெல் இரை வைத்த வீடுகளில் கரப்பான் கணிசமாகக் குறைந்தது. நகராட்சிகள் தெருவில் அடிக்கும் கொசுப்புகை பற்றி 2010இல் வந்த முறைசார் மீளாய்வு, டெங்குவைக் குறைப்பதில் அதன் பயனை நிறுவப் போதிய சான்று இல்லை என்றது. புகை கண்ணுக்குத் தெரிவது. ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கையைத் தருவது. பயன் அந்த அளவுக்கு இருப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை.

எலி மருந்தில் இழப்பு மிகக் கொடியது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் கல்லீரலைச் சில நாள்களில் சிதைப்பது. நேரடி மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டு மருத்துவமனைகள் பல ஆண்டுகளாக இந்த நோயாளிகளைப் பார்த்து வந்த பின்னணியில் மாநில அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், ஒரு வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நெடியைச் சுவாசித்ததாகக் கருதப்படும் நிகழ்வில் இரு சிறு குழந்தைகள் இறந்தார்கள். மருந்தை வைத்தது தொழில்முறை நிறுவனம். தானியக் கிடங்குகளுக்கு உரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். மூடிய படுக்கையறைக்கு அருகில்கூட அது வரக் கூடாது. தடையும் உரிமமும் காகிதத்தில் இருப்பது வேறு, கதவைத் தட்டி வரும் பணியாளருக்குப் பயிற்சி இருப்பது வேறு.

மூன்றாம் விடை: வீட்டைத் திருத்துவது

1959இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நான்கு பூச்சியியலாளர்கள் பயிர்ப் பாதுகாப்புக்காக ஒருங்கிணைந்த கட்டுப்பாடு என்ற கருத்தை முன்வைத்தார்கள். சேதம் ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டும் மருந்து. அதுவரை இயற்கை எதிரிகளும் சூழல் திருத்தமும் என்பது அதன் சாரம். வயலுக்காகப் பிறந்த இந்தக் கருத்து பின்னர் வீட்டுக்கும் வந்தது. பூச்சிக்கு வேண்டியவை நீர், உணவு, ஒளிவிடம், நுழைவழி ஆகிய நான்கு. மருந்துக்கு முன் இவற்றை எடுத்துவிடு என்கிறது இந்த நிலைப்பாடு.

கரப்பானைக் கொண்டு இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். நம் வீடுகளில் இரு வகைக் கரப்பான்கள் சாதாரணம். கட்டைவிரல் நீளமுள்ள செம்பழுப்பு நிறப் பெரிய கரப்பான் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வாழ்ந்து, குளியலறைத் துளை வழியாக இரவில் ஏறி வருவது. அதற்கு வேண்டியது துளைக்குப் பொருத்தமான சல்லடை மூடியும் தொட்டி மூடியின் விரிசலைப் பூசுவதும்தான். கழுத்தில் இரு கருங்கோடு கொண்ட சின்னக் கரப்பான் அப்படி வருவதல்ல. அது மிக்ஸியின் அடியிலும் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பிலும் சமையலறை அலமாரிக் கீலிலும் குடும்பம் நடத்துகிறது. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை கொண்ட உறையைப் பொரிக்கும் தறுவாய் வரை வால்புறத்தில் சுமந்தே திரிவதால் முட்டைகளை மருந்து எளிதில் எட்டுவதில்லை. ஜெர்மன் கரப்பான் என்று அழைக்கப்படும் இது இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. மனித வீட்டுக்கு வெளியே இதற்கு நிலையான வாழிடம் இல்லை. வீடுதான் அதன் காடு. ஆகவே வீட்டை மாற்றாமல் அதை மாற்ற முடியாது.

இதற்கு ஜெல் இரை நல்ல துணை. பயறளவுப் பொட்டுகளாகக் கீலிலும் இடுக்கிலும் வைத்தால், தின்ற கரப்பானின் எச்சத்தைத் தின்னும் குஞ்சுகளும் சாகும். காற்றில் மருந்து பரவுவதில்லை. ஆனால் இதுவும் தோல்வியே காணாத வழியல்ல. 1990களின் தொடக்கத்தில், இரையில் கலந்த குளுக்கோஸைத் தொட மறுக்கும் கரப்பான்கள் கண்டறியப்பட்டன. அவற்றின் நாக்குக்கு ஒப்பான உறுப்பில் இனிப்பு கசப்பாக உணரப்படுகிறது என்பதை 2013இல் வந்த ஆய்வு விளக்கியது. இரையின் சேர்மானத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவிலும் இதே பாடம் கிடைக்கிறது. அது முட்டையை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, குடத்தின் உட்சுவரில் ஒட்டுகிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி நிரப்பினால், முட்டைகளுக்கு நாமே நீர் ஊற்றியதாகிவிடும். நார் கொண்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆவதால் வாரம் ஒருமுறை தேய்த்தால் சுழற்சி அறுபடும். நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகுவது, சென்னைக்குப் பழக்கமானது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் இந்தக் கொசு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அங்கும் தொட்டியையும் கிணற்றையும் மூடுவதே முதல் வேலை. காம்பியாவில் வீடுகளுக்கு வலையடித்துச் செய்த சோதனையில், உள்ளே வரும் மலேரியாக் கொசுக்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. சிறுபிள்ளைகளிடம் ரத்தசோகையும் குறைந்தது. 2009இல் வெளியான அந்த முடிவு, சன்னல் வலையை மருத்துவக் கருவியாகவே கருத இடம் தருகிறது.

இந்த நிலைப்பாட்டின் குறை, அது யார் தோளில் ஏற்றப்படுகிறது என்பதில் இருக்கிறது. நாள்தோறும் துடைப்பதும் தேய்ப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே முடிகிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவர் விரிசலைப் பூச உரிமையாளரைக் கேட்டாக வேண்டும். அடுக்ககத்தில் ஒரு வீடு சுத்தமாக இருந்தும் குழாய்த்துளை வழியே அடுத்த வீட்டுக் கரப்பான் வரும். தண்ணீர் வாரத்துக்கு இருமுறை மட்டும் வரும் தெருவில் குடங்களை நிரப்பி வைக்காமல் இருக்க முடியாது. அங்கே ஏடிஸ் கொசுவின் வேர் குடத்தில் இல்லை. குடிநீர் வழங்கலில் இருக்கிறது. இதைத் தனி வீட்டின் சோம்பலாக எண்ணி அபராதம் விதிப்பது பிரச்சினையைப் பாதியளவே பார்ப்பதாகும்.

நான்காம் விடை: விட்டுவைப்பது

சிலந்தியிடம்தான் இந்த விடை வலுவாக நிற்கிறது. தமிழ் மரபில் அதற்கு உயர்ந்த இடமும் உண்டு. திருவானைக்காவில் இறைவன்மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் கட்டிய சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து மாடக்கோயில்கள் எழுப்பினான் என்பது தலபுராணம். ஆயினும் வீட்டில் அதன் வலை அழுக்கின் அடையாளமாகவே கருதப்படுகிறது.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேல். மனிதருக்கு மெய்யான ஆபத்து தருபவை அவற்றில் மிகச் சில. அவையும் கடிக்கத் துடிப்பவை அல்ல. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகள் பிடிபட்டன. மருத்துவ நூல்கள் அஞ்சும் நச்சினம் அது. ஆனாலும் அந்த வீட்டில் ஒருவருக்கும் கடிபட்டதாகத் தெரியவில்லை. 2002இல் பதிவான இந்தச் செய்தி, தோலில் தோன்றும் காரணம் தெரியாத புண்களைச் சிலந்திமேல் ஏற்றும் வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. நம்மிடையேயும் அக்கியோ, நசுக்கப்பட்ட சிறுவண்டின் நீர் பட்டு எழுந்த கொப்புளமோ சிலந்திக்கடி என்று பெயர் பெறுவதுண்டு.

கூரை மூலையில் நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது நெடுங்கால் சிலந்தி. உடல் அரிசி மணி அளவு. கால்கள் அதைப் போலப் பல மடங்கு நீளம். தலைகீழாகத் தொங்கும். தொட்டால் உடலை விரைந்து ஆட்டி, கண்ணுக்குப் பிடிபடாமல் மங்கும். கொசு சிக்கியதும் உடனே நெருங்குவதில்லை. பின்னங்கால்களால் நூலை இழுத்து இழுத்து வீசிப் பொதிந்து, அசைவு ஒடுங்கிய பிறகே கடிக்கிறது. பெண் சிலந்தி முட்டைகளை மெல்லிய நூலால் கட்டி வாயில் கவ்வியபடியே காக்கிறது. சுவரில் உள்ளங்கை அகலம் தெரியும் தட்டைச் சிலந்தி வலை கட்டுவதே இல்லை. படச்சட்டத்தின் பின்னால் பகலைக் கழித்து, இரவில் கரப்பானை ஓடிப் பிடிக்கும்.

இவை பூச்சியைக் குறைக்கின்றனவா? உலகச் சிலந்திகள் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரை தின்கின்றன என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் ஒரு குதிக்கும் சிலந்தி, ரத்தம் குடித்த கொசுவைத் தேடித் தின்கிறது என்று 2005இல் காட்டப்பட்டது. தாய்லாந்தில் வீட்டு நெடுங்கால் சிலந்தி டெங்குக் கொசுவைத் தின்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் தின்பது ஒன்று, வீட்டில் கடியையோ நோயையோ குறைப்பது இன்னொன்று. சிலந்தி கிடைத்ததைத் தின்னும்; இரை பெருகும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. உலக அளவிலான பெரும் எண்ணைக் காட்டி ஒரு படுக்கையறையின் கொசுவைத் தீர்த்துவிடலாம் என்று வாதிடுவது சான்றுக்கு மிஞ்சியது.

மறுபுறம், கொல்வதால் கிடைக்கும் பயனும் குறைவே. சிலந்தி கால் நுனிகளால் மட்டும் நடப்பதால், தரையில் படிந்த மருந்து அதன் உடலில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. இரை இருக்கும்வரை இன்னொரு சிலந்தி வரும். இரவு வெளிவிளக்கைக் குறைப்பது, வெள்ளை ஒளிக்குப் பதிலாக மஞ்சள் ஒளி பயன்படுத்துவது, நிலைப்படி இடைவெளியை அடைப்பது ஆகியவை இரையைக் குறைத்துச் சிலந்தியையும் குறைக்கும். தலைபடும் உயரத்தில் உள்ள ஒட்டடையைக் கம்பால் எடுப்பதும், அறைக்குள் வந்ததைக் கிண்ணத்தால் மூடி அட்டை செருகி வெளியே விடுவதும் போதுமானவை.

விட்டுவைப்பதன் இன்னொரு பக்கத்தை இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளம் காட்டுகிறது. 2012இல் விவரிக்கப்பட்ட ஒரு பெருஞ்சிலந்தி இனம், மரங்களில் மட்டுமன்றி அங்குள்ள பழைய மருத்துவமனைக் குடியிருப்பிலும் காணப்பட்டது. மரப்பொந்தில் வாழும் இவ்வகைச் சிலந்திகள், முதுமரங்கள் அழியும்போது கட்டடங்களுக்குள் வருவதாகக் கருதப்படுகிறது. இவ்வகைச் சிலந்திகளின் கடி கடும் வலியும் தசைப்பிடிப்பும் தரக்கூடும். எனவே விட்டுவை என்ற விடையும் எல்லையற்றதல்ல. எந்தச் சிலந்தி என்று அறிந்திருக்க வேண்டும்.

அச்சமும் அறமும்

சிலந்தி அச்சத்தின் தோற்றம் பற்றி இரு கருத்துகள் உண்டு. மனித மனம் சில உயிர்களை விரைவில் அஞ்சக் கற்கும்படி அமைந்திருக்கிறது என்று 1971இல் மார்ட்டின் செலிக்மன் வாதிட்டார். ஆறு மாதக் குழந்தைகளின் கண்மணி சிலந்திப் படத்தைக் கண்டதும் விரிவதாக 2017இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது அதற்கு ஆதரவாகப் பேசப்படுகிறது. ஆனால் கண்மணி விரிவது அச்சமா, வெறும் கவனிப்பா என்பது தீரவில்லை. பெரியவர்களைப் பார்த்துக் கற்ற அருவருப்பே முதன்மை என்பது எதிர்த்தரப்பின் வாதம். தோற்றம் எதுவாயினும், படிப்படியாகச் சிலந்தியை நெருங்கப் பழக்கும் சிகிச்சை மூன்று மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் பலருக்கும் பயனளிக்கிறது என்பது 1989 முதல் காட்டப்பட்டு வருகிறது. இந்த அச்சத்தால் வாடுபவரை எள்ளாமல், அதற்கு வழி உண்டு என்று சொல்வதே உதவி.

அறத்தின் கேள்வி எலியிடம் கூர்மையாகிறது. பசைப்பொறியில் சிக்கிய எலி உடனே சாவதில்லை, மணிக்கணக்கில் துடிக்கிறது. இந்திய விலங்கு நல வாரியத்தின் அறிவுறுத்தலை அடுத்துப் பல மாநிலங்கள் இதற்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமம் இல்லாதவர் இதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. எலி நோய் பரப்புவது உண்மை. அதை விலக்கும் உரிமையும் வீட்டாருக்கு உண்டு. அந்த உரிமைக்குள் வதை அடங்காது என்ற கருத்து மெல்ல வலுப்பெறுகிறது. வாசலில் எறும்புக்கு உணவாகட்டும் என்று அரிசிமாக்கோலம் இட்டு, உள்ளே அதே எறும்புக்கு நச்சுக்கோடு இழுக்கும் பழக்கத்தில் இந்த இரு உணர்வுகளும் ஒரே நிலைப்படியின் இருபுறமும் நிற்கின்றன.

எஞ்சும் கேள்விகள்

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். ஒழிப்பு, நோய் பரப்பும் உயிர்களிடம், பயிற்சி பெற்றவர் கையில், குறுகிய காலத்துக்குப் பயன் தந்திருக்கிறது. அதே நஞ்சு அன்றாட வழக்கமானபோது பூச்சி தாங்கப் பழகியது. வீட்டுப் பிள்ளைகளே முதலில் பாதிக்கப்பட்டார்கள். வாசனைப் பொருள்கள் துணைக்கு நிற்கும், தனித்து நிற்கா. வீட்டைத் திருத்துவதற்கே நீடித்த சான்று கூடுதல். சிலந்தியைப் பொறுத்தவரை, அது கொசுவை ஒழிக்கும் காவலன் என்ற புகழ்ச்சிக்கும் ஒழிக்கப்பட வேண்டிய நச்சுயிர் என்ற பழிக்கும் இன்றுள்ள சான்று இடம் தரவில்லை. அதைக் கொல்லக் காரணம் அரிது என்ற அளவோடு நிற்பது நேர்மை.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. சிலந்தியையும் பல்லியையும் விட்டுவைத்த வெப்பநாட்டு வீடுகளில் கொசுக்கடி உண்மையில் குறைகிறதா என்பது ஒன்று. குளிர்நாட்டு அடுக்ககங்களில் நிறுவப்பட்ட ஒருங்கிணைந்த முறை, சாக்கடை திறந்திருந்து தண்ணீர் விட்டுவிட்டு வரும் நகர்களில் எந்த வடிவில் பயன்படும் என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி அறிவியலால் மட்டும் தீராதது: வலையும் மூடியும் விரிசல் பூச்சும் சீரான குடிநீரும் யார் செலவு? இதற்கு ஊராட்சியும் மாநகராட்சியும் வீட்டு உரிமையாளரும் விடை சொல்லாதவரை, வாடகை வீட்டுப் பெண் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் பத்து ரூபாய்க் கொசுவத்தியுமாகவே நிற்க நேரும். அவருக்கு மூன்றாவதாக ஒரு வழியை எட்டும் விலையில் வைப்பதே இனி வரும் எந்த விடைக்கும் உரைகல்.